குரைத்துக்கொண்டே துரத்தும் நாய்

சத்தம் கேட்டால் இரை உஷாராகிவிடுமே! பிறகு ஏன் சில வேட்டை நாய்கள் குரைத்துக்கொண்டே துரத்துகின்றன? பின்னால் வரும் எசமானுக்கு வழி காட்டத்தான்.

அமெரிக்காவின் கூன்ஹவுண்ட் நாய்களைப் பாருங்கள். அவை வேட்டையாடும் ரக்கூன் இரவில் நடமாடும் விலங்கு; அதனால் வேட்டையும் இரவில்தான். மோப்பம் பிடித்து ஓடும் நாய் கும்மிருட்டில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தடத்தில் போகும்போது பல நாய்கள் நீட்டி முழங்கும். ரக்கூன் மரமேறிவிட்டால் முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி, அண்ணாந்து, விட்டுவிட்டு வேகமாகக் குரைக்கும். குரல் மாறியதுமே வேட்டைக்காரருக்குச் சங்கதி புரிந்துவிடும். நான்கைந்து நாய்கள் சேர்ந்து கத்தினாலும் தன் நாயின் குரலைத் தனியே பிரித்தறிவார். என்ன அருமையான செவி!

மோப்பம் தரும் பரபரப்பு குரைக்கத் தூண்டுகிறது. நன்றாகக் குரலெடுக்கும் நாய்களையே மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அந்தக் குணம் இன்னும் வலுத்தது.

கிரேஹவுண்டும் நம்மூர்ச் சிப்பிப்பாறையும் வேறு வகை. திறந்த வெளியில் இரையைக் கண்ணால் பார்த்தே விரட்டுபவை. வேகம்தான் அவற்றின் பலம். பெரும்பாலும் சத்தமில்லாமலே ஓடும்.