தீர்ப்பில் உள்ள பெயரும் தேடலில் வரும் பெயரும்

விசுவமடுவிலிருந்து வெளிநாடு போன ஒருவரின் பெயரைக் கூகிளில் அடித்தால் என்ன வரும்? முகநூல் வரும், கலியாண வீட்டுப் படம் வரும். சிலருக்கு அதற்குக் கீழே ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் வரக்கூடும். எந்தக் கிராமத்தில் பிறந்தார், இயக்கத்துக்கு என்ன வேலை செய்து கொடுத்தார், எந்த முகாமில் யார் விசாரித்தார்கள், ஊரில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் பந்தி பந்தியாக இருக்கும். தஞ்சம் கேட்டவர் தன் உயிரைக் காக்கச் சொன்ன கதை அது. பரந்தன்–முல்லைத்தீவு வீதிக் கடையொன்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதை யாரும் போனில் வாசிக்கலாம். "பப்ளிக்காக் கிடக்கிறதுதானே, அதில என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த "பப்ளிக்" என்ற சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீதி திறந்த மண்டபத்தில் நடக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. மூடிய அறைக்குள் வைத்து யாரையும் தண்டித்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. இலங்கை அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையும் நீதிமன்ற அமர்வுகள் பொதுவில் நடக்க வேண்டும் என்கிறது. குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்றவற்றில் மட்டும் ஆட்களை வெளியே அனுப்பும் தற்துணிவை நீதிபதிக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் கோவையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய், வழக்கிலக்கம் சொல்லி, பதிவறையில் காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சலே ஒரு திரையாக இருந்தது. ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கும் பொதுப் பதிவுகளும், அவற்றைத் திரட்டிக் கணினியில் வைத்த தொகுப்பும் ஒன்றல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னது. அப்போது கூகிள் பிறக்கவே இல்லை.

கனடாவை எடுத்துக்கொள்வோம், வன்னிச் சனம் போய்ச் சேர்ந்த நாடுகளில் முக்கியமானது. அகதி விசாரணை அங்கே சட்டப்படி மூடிய கதவுக்குள்தான் நடக்கிறது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மீளாய்வுக்குச் சமஷ்டி நீதிமன்றம் போனால் கதவு திறந்துவிடும். தலைப்பில் பெயர், உள்ளே கதை. அப்படி வெளியே வருவது பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டவரின் பெயர், அதாவது திருப்பி அனுப்பப்படும் ஆபத்தில் இருப்பவரின் பெயர். பெயரை மறைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு விதியும் உண்டு. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் போய் இறங்கினார்கள். அவர்களில் சிலருடைய வழக்கைக் கனடிய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்தது; அது இன்றும் "பீ010" என்றே அறியப்படுகிறது. கப்பலில் போகாமல் தனியாகப் போய், கேட்கத் தெரியாமல் விட்டவர்கள் சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள்.

அங்கே சட்டத்தரணி சங்கங்களின் கூட்டமைப்பு உருவாக்கிய கன்லீ என்ற இலவசத் தளத்தில் தீர்ப்புகள் கிடக்கின்றன. உள்ளே போய்த் தேடினால் கிடைக்கும். ஆனால் தீர்ப்புப் பக்கங்களை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று தேடற்பொறிகளுக்குத் தளம் சொல்லி வைத்திருக்கிறது. இதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைப்பார்கள். படலையில் தொங்கும் "உள்ளே வராதே" மட்டையைப் போலத்தான் அது, பூட்டு அல்ல. கூகிள் போன்றவை மதிக்கும். மதிக்காதவன் அள்ளிக்கொண்டு போவான்.

அப்படி ஒருவன் அள்ளினான். ருமேனியாவிலிருந்து இயங்கிய குளோப்24எச் என்ற தளம் கனடியத் தீர்ப்புகளைப் படியெடுத்து, கூகிளில் பெயர் அடித்தால் வரும்படி போட்டது. விவாகரத்து, வேலைத் தகராறு, வங்குரோத்து என்று எல்லாம் வந்தன. கெதியாக எடுக்க வேண்டுமென்றால் காசு கட்டு என்றது. கனடியத் தனியுரிமை ஆணையாளரிடம் முறைப்பாடுகள் குவிந்தன. 2017 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தளம் வெளிநாட்டில் இருந்தாலும் கனடியச் சட்டம் பொருந்தும், இது பத்திரிகைத் தொழிலும் அல்ல, தீர்ப்புகளை நீக்கி, மனுதாரருக்கு 5,000 டொலர் கொடு. படியெடுத்தவை ஏற்கெனவே பொதுவில் இருந்த தீர்ப்புகள்தான் என்பது அந்தத் தளத்தைக் காப்பாற்றவில்லை.

பிரித்தானியத் தஞ்ச மேன்முறையீடுகளில் முதலெழுத்துகளே போதும் என்ற வழக்கம் பரவலாக உண்டு. இலங்கைக்குத் திரும்புவோரைப் பற்றிய 2013ஆம் ஆண்டு வழிகாட்டித் தீர்ப்பும் "ஜீஜே" என்ற இரண்டெழுத்தில்தான் பேசப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா கேட்டவரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஆனால் அதே நாட்டின் குடிவரவுத் திணைக்களம், 2014 பெப்ரவரியில் தடுப்பு முகாம் புள்ளிவிபர ஆவணம் ஒன்றைத் தன் தளத்தில் போட்டபோது, அதற்குள் ஏறக்குறைய 9,250 பேரின் பெயர் விபரம் புதைந்து கிடந்தது. நீதிமன்றம் மறைத்ததைத் திணைக்களத்தின் கவனயீனம் திறந்துவிட்டது.

இந்தியாவில் விடை இன்னும் இழுபறி. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், விடுதலைத் தீர்ப்பே தன்னைத் துரத்துகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024இல் இருவர் அமர்வு, பெயரை மறைக்கும்படியும் இந்தியன் கானூன் தளம் தீர்ப்பை நீக்கும்படியும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு பொது ஆவணம், அதை எப்படி எடுக்கச் சொல்வது என்பது அங்கே எழுந்த கேள்வி.

அந்தக் கேள்வியை லேசில் தள்ள முடியாது. வன்னியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2009 மே மாதம் இராணுவத்திடம் கண்முன்னே கையளித்த உறவுகளுக்காக, 2013இலிருந்து வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டு அலைந்த மனைவிமாரும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் மறைந்துவிடுமோ என்பதுதான் பயம். "என்ர பிள்ளையின்ர பெயரை எல்லாரும் வாசிக்கட்டும்" என்பது அவர்களின் நிலை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கும் ஒரு பழைய பதிவில் தங்கள் பெயர் நிற்பதன் பெறுமதி தெரியும். ஒரே குடும்பத்திலேயே காணாமற் போன அண்ணனின் பெயர் உலகெங்கும் தெரிய வேண்டும். கனடாவில் தஞ்சம் கேட்ட தம்பியின் பெயர் தெரியக் கூடாது. இரண்டும் நியாயம். எல்லாவற்றையும் திற, எல்லாவற்றையும் மூடு என்ற ஒற்றை விதி இங்கே உதவாது. தீர்ப்பு முழுதாக இருக்கட்டும். அதற்குள் போகும் வழி சட்டப்பிரச்சினையாக இருக்கட்டும், ஆளின் பெயராக இருக்க வேண்டாம் என்பதே என் கட்சி. அரசு செய்த குற்றத்தில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால், அந்த வழி பெயராகவே இருக்கட்டும்.

இலங்கையில் பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அதற்கு வெளியே பாதுகாப்பு மெலிவு. காதி நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு பிள்ளைச் செலவு வழக்கு மேன்முறையீட்டுக்கு ஏறினால், உம்மாவின் பெயரும் வாப்பாவின் பெயரும் தளத்துக்குப் போய்விடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

வெளிநாட்டில் வழக்காடும் பிள்ளை உள்ளவர்கள் இப்போதே சொல்லி வைக்கலாம்: பெயர் மறைக்கும் கட்டளையை மனுப் போடும்போதே சட்டத்தரணி கேட்க வேண்டும். ஏற்கெனவே வெளியாகியிருந்தால் முதலில் பக்கத்தைத் திகதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்திடம் பெயரை மாற்றக் கேட்பது, அந்தக் கட்டளையோடு படியெடுத்த தளங்களுக்கு எழுதுவது, கடைசியாகத் தேடற்பொறிக்கு. நீக்கக் காசு கேட்கும் தளத்துக்குக் காசு கட்டக் கூடாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு பெயரில் திரும்பப் போட அவனுக்கு ஒரு நிமிடம் போதும்.