வேலைக்குச் சேரும் முன் கைவிட்டுப் போகக் கூடாத மூன்று

பலமனேர் மூன்று மாநிலங்களின் விளிம்பில் இருக்கும் ஊர். ஊர் இருப்பது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில். மேற்கே நங்கிலியைத் தொட்டால் கர்நாடகம். தெற்கே மலையிறங்கினால் பேர்ணாம்பட்டும் குடியாத்தமும், அதாவது தமிழ்நாடு. படிப்பை முடித்த பிள்ளைகள் பெங்களூருக்கோ சென்னைக்கோ ஸ்ரீசிட்டிக்கோ பஸ் ஏறுகிறார்கள். வீடு ஒரு மாநிலம், கம்பெனி இன்னொரு மாநிலம், பணம் வாங்கிய கன்சல்டன்சி மூன்றாவது மாநிலம் என்று ஆகிவிடுவதால், ஏமாந்தவர்களில் பலர் 'எங்கே போய்ப் புகார் கொடுப்பது' என்ற குழப்பத்திலேயே விஷயத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

வேலை தேடுபவர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கொடுத்த பணம், ஒப்படைத்த ஒரிஜினல் சர்ட்டிபிகேட், படிக்காமல் போட்ட கையெழுத்து. மூன்றும் வேலைக்குச் சேரும் முன்பே கையை விட்டுப் போகின்றன.

பணம்

போலி வேலையின் படிக்கட்டு அநேகமாக ஒரே மாதிரிதான். முதலில் வாட்ஸ்ஆப்பில் பெரிய கம்பெனி லோகோவோடு ஆஃபர் லெட்டர் வரும். அனுப்பிய முகவரி ஜிமெயிலாக இருக்கும். பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கேட்பார்கள். அது போனதும் 'டாக்குமென்ட் வெரிபிகேஷன்', அடுத்து 'லேப்டாப் டெபாசிட்', கடைசியில் 'டிரெய்னிங் பீஸ்'. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய தொகை, ஒவ்வொன்றும் 'சேர்ந்ததும் திருப்பித் தரப்படும்'. யூபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். கம்பெனி பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபர் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலை கொடுக்க உங்களிடம் பணம் வாங்காது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது.

வெளிநாட்டு வேலையில் ஆபத்து இன்னும் பெரிது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்கள் மியான்மர் எல்லையிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்படுவது குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மேசோட்டிலிருந்து 549 இந்தியர்களை மீட்டு வந்தன. 2024 மே மாதம் கம்போடியாவுக்கு இப்படி ஆள் அனுப்பிய ஏஜென்ட்டுகளைக் கைது செய்தது ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் போலீஸ்தான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். 'டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்

'ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போ, வேலையை விடும்போது வாங்கிக்கொள்' என்று கேட்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. சரிபார்க்கக் கேட்பது நியாயம். அடமானம்போல் வைத்துக்கொள்வது நியாயமில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்கு ஈடாக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

ஒரிஜினலைக் காட்டுங்கள், அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன சான்றிதழ், என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட சான்றிதழுக்கு அசலுக்குச் சமமான சட்ட மதிப்பு உண்டு என்பதையும் எச்.ஆரிடம் சொல்லலாம்.

கையெழுத்து

குறித்த காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் 'பாண்டு' பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. 'பாண்டு எதுவும் கோர்ட்டில் நிற்காது' என்பது ஒன்று. 'கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான்' என்பது மற்றொன்று.

பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த விஜயா வங்கியின் வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு 2007-ல் சேர்ந்த ஒரு மூத்த மேலாளர், 2009-ல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிபந்தனை செல்லும் என்றது.

தீர்ப்பின் காரணங்களைக் கவனிக்க வேண்டும். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, போட்டி நடத்தித்தான் ஆளெடுக்க முடியும். இடையில் ஒருவர் போனால் அத்தனை செலவும் மீண்டும். மேலாளர் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் 2 லட்சம் தாங்க முடியாத தொகையும் அல்ல. இந்தக் காரணங்களை, பத்து நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவரிடம் லட்சக்கணக்கில் பாண்டு எழுதி வாங்கும் தனியார் நிறுவனத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவுப்படி, பாண்டில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். அதே சட்டத்தின் 27-வது பிரிவு, வேலையை விட்ட பிறகு 'போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று தடுக்கும் நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. ஆகவே கையெழுத்துக்கு முன் தொகை, காலம், நோட்டீஸ் பீரியட் மூன்றையும் படியுங்கள். ஒரு பிரதி வாங்குங்கள். தேதி போடாத காசோலையையும் வெற்றுப் பத்திரத்தையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ராஜினாமா செய்தாலும், நீக்கப்பட்டாலும், சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு.

சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள் என்பதால் அது கட்டப்பட்டுவிட்டதாக அர்த்தமில்லை. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் பதிவான செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட்டுவையுங்கள். கடைசி நாளில் ஆபீஸ் மெயில் முடக்கப்பட்டால் கையில் இருப்பது அந்த நகல்தான்.

எங்கே போவது?

ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மோசடி பெங்களூரில் நடந்திருந்தாலும் பலமனேர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பாராமல் பதிவு செய்ய வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தராத கன்சல்டன்சி மீது, 2019 நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டியதில்லை. சம்பள பாக்கி மட்டும் வேலை செய்த இடத்தின் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டியது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே இந்த உதவி உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் காலக்கெடு இருக்கிறது. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு, சம்பள பாக்கிக்கு மூன்று ஆண்டு. 'ஊருக்குத் தெரிந்தால் அவமானம்' என்று வீட்டுக்குள்ளேயே பேசிக் கழிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் கழிகின்றன. அந்த மௌனத்தை நம்பித்தான் ஏமாற்றியவர் அடுத்த ஆளிடம் போகிறார்.