முன்பணமா, பின்பணமா?



சென்ற வாரம் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர், தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்திருந்தார். பையன் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து விடுதியில் தங்கப் போகிறான். "ஐயா, இவனுக்குக் கைப்பேசி இணைப்பை முன்கட்டணத்தில் வாங்குவதா, பின்கட்டணத்தில் வாங்குவதா? கடைக்காரர் ஒன்று சொல்லுகிறார், இவன் வேறொன்று சொல்லுகிறான்" என்றார். அவர்களுக்கு நான் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

கடைத்தெருவில் பிரீபெய்டு, போஸ்ட்பெய்டு என்று வழங்கும் இவ்விரு முறைகளும் நமக்குப் புதியன அல்ல. பேருந்தில் சீட்டு வாங்குகிறோம். பிறகு பயணம் செய்கிறோம். வீட்டில் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறோம். பிறகு பணம் செலுத்துகிறோம். மளிகைக் கடையில் கைக்காசு கொடுத்துப் பொருள் வாங்குவோரும் உளர். நோட்டில் பற்று எழுதச் சொல்லி மாதக் கடைசியில் தீர்ப்போரும் உளர். நோட்டில் எழுதி வாங்குவது கடன் அன்றோ? கடன் கொடுக்கும் வணிகர் ஆளைப் பார்ப்பார். வைப்புத்தொகை கேட்பதும் உண்டு. கைக்காசு கொடுப்பவரை அவர் ஆராய வேண்டியதில்லை. ஆகவே, யார் யாரை நம்புவது என்பதே இவ்விரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் நாள் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்த மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டில்தான் அந்நிலை மாறிற்று. மாதச் சம்பளம் இல்லாத கட்டடத் தொழிலாளியும் பூ விற்கும் அம்மாளும் கைப்பேசி வைத்துக்கொள்ள வழிசெய்தது முன்கட்டண முறையே. கையில் காசு உள்ளபோது போடலாம், இல்லாதபோது விட்டுவிடலாம். இன்று நம் நாட்டு இணைப்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இம்முறையைச் சேர்ந்தவை என்பதில் வியப்பில்லை.

அங்ஙனமாயின் முன்கட்டணமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடிவு கட்டியிருந்தவன்தான் நானும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தவன், நாள்களை எண்ணத் தவறிய கதையைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

2019 ஆம் ஆண்டு பிப்ரவரி 5 ஆம் நாள் என் கைப்பேசிக்குப் பணம் செலுத்தினேன். மார்ச் 4 ஆம் நாளோடு காலம் முடிந்தது. மறுநாள் மீண்டும் செலுத்தினேன். ஆகா, மாதந்தோறும் 5 ஆம் நாள் செலுத்த வேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டேன். பிப்ரவரிக்கு 28 நாள்கள். திட்டத்தின் காலமும் 28 நாள்கள். இரண்டும் ஒத்துப்போனமையால் நான் ஏமாந்தேன். மார்ச்சு மாதத்திற்கோ 31 நாள்கள். ஏப்ரல் 1 ஆம் நாளோடு என் காலம் முடிந்துவிட்டது. 2 ஆம் நாள் மாலை என் மனைவி தலைசுற்றிக் கூடத்தில் விழுந்தாள். மகனை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் மிக்க மரியாதையோடு எனக்குத் தெரிவித்தது. இருந்த இடத்திலிருந்தே பணம் செலுத்தும் முறை அன்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுடைய பேசியில் பேசினேன். இறையருளால் பெருந்தீங்கு நேரவில்லை. நிறுவனத்தைக் குறை கூறவும் வழியில்லை. காலம் முடியப் போகிறது என்ற குறுஞ்செய்தி வந்தே இருந்தது. விளம்பரங்களோடு விளம்பரமாய் அதையும் நான் படியாது விட்டிருந்தேன்.

இந்த 28 நாளைச் சற்று ஆராயுங்கள். ஆண்டின் 365 நாள்களை 28 ஆல் வகுத்தால் 13 வரும். ஆகவே ஆண்டிற்குப் பன்னிரண்டு முறை அன்று, பதின்மூன்று முறை செலுத்துகிறோம். கணக்கிற்காக, முன்கட்டணம் 28 நாளுக்கு 300 ரூபாய் என்றும், பின்கட்டணம் மாதத்திற்கு 350 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டிற்கு வேறுபாடு 600 ரூபாய் என்று உடனே விடை சொல்லும் மாணவர் தவறுகிறார். முன்கட்டணத்தில் 13 முறைக்கு 3,900 ரூபாய் ஆகிறது. பின்கட்டண விளம்பரத்திலோ வரி சேர்ந்திராது, 18 விழுக்காடு வரியைச் சேர்த்தால் 350 என்பது 413 ஆகிவிடும், ஆண்டிற்கு 4,956. உண்மை வேறுபாடு 1,056 ரூபாய். விளம்பரத்தின் சிறிய எழுத்துகளையும் படித்தால்தான் இக்கணக்கு வரும்.

2022 ஆம் ஆண்டில், 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இணையமே வேண்டாத முதியோர்க்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதித்தது. கேட்டால் கிடைக்கும், கேளாதவர்க்குக் கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்வது அரிது.

இணைய அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்கட்டணத் திட்டங்கள் பல, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தருகின்றன. அன்று செலவழியாதது நள்ளிரவோடு போய்விடும். பின்கட்டணத்திலோ பெரும்பாலும் மாதம் முழுமைக்குமான அளவு ஒன்றாகக் கிடைக்கும். முன்னது அன்றன்று வடித்த சோறு. பின்னது மாதத்திற்கு வாங்கி வைத்த அரிசி. நாள்தோறும் பாடங்களைக் கேட்கும் மாணவனுக்குச் சோறே போதும். ஒரு வாரம் வாளாவிருந்து ஒரே நாளில் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு அரிசி நல்லது. ஆனால் அரிசி தீர்ந்தபின் வாங்குவது பற்றுக் கணக்கில் ஏறும். பணம் தீர்ந்தவுடன் முன்கட்டண இணைப்பு தானே நின்றுவிடும். பின்கட்டணத்தில் நாம்தான் நம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாடு சென்று கைப்பேசியின் இணையத்தை அணைக்க மறந்தவர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்லுவார்கள்!

அமெரிக்காவில் நெடுங்காலம் வேறொரு வழக்கம் இருந்தது. விலையுயர்ந்த கருவியைக் குறைந்த விலைக்குத் தந்து, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பிணைத்துவிடுவார்கள். இடையில் விலகினால் தண்டத்தொகை. நம் நாட்டில் அத்தகைய பிணைப்பு வேரூன்றவில்லை. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமையும் 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உண்டு. ஆயினும் மாறும்போது பின்கட்டணத்தார் நிலுவையைத் தீர்த்தாக வேண்டும். முன்கட்டணத்தார் எஞ்சிய தொகையை இழக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பையன், "ஐயா, நீங்கள் இப்போது எதில் இருக்கிறீர்கள்?" என்றான். "என் கைப்பேசி முன்கட்டணந்தான், தம்பி, ஓராண்டிற்கு ஒரே முறை செலுத்திவிடுகிறேன். உன் பாட்டியம்மாள் கையில் இருப்பது பின்கட்டணம். அவள் நாள்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள்; அந்த இணைப்பு ஒரு நாளும் நிற்கவும் கூடாது" என்றேன். அவனுடைய தந்தைக்கு வேலை உள்ள மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. எனவே 84 நாள் முன்கட்டணத் திட்டம் ஒன்றை அவனே தேர்ந்துகொண்டான். என் மேசையிலிருந்த நாட்காட்டியை வாங்கி, விரல்விட்டு எண்ணி, முடியும் நாளைத் தன் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதினான். நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.