மாலையில் வீடு திரும்பும் பயணம்



பயணம் என்ற சொல் எங்களில் பலருக்கு நல்ல நினைவுகளைத் தருவதில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2009 இல் வன்னியின் கடைசிக் கரைவரை நடந்தவர்களும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாமலே போனவர்கள். நான் இப்போது வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அப்படி வந்து சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் ஸ்காபுரோப் பகுதியில் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். குளிர்காலத்தில் நாங்கள் போய்வரும் ஒருநாள் பயணங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இங்கு குளிர் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று பிள்ளைகளால் அழைக்கப்பட்டு வந்த அம்மாமார் பலர் இந்தக் காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். நிலக்கீழ் அறையில் வசிக்கும் ஓர் அக்கா ஒருநாள், "பங்கருக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்குப் பிள்ளை" என்றார். அன்றுதான், குளிர் விடும்வரை காத்திருக்காமல் குளிரிலேயே வெளியே போவது என்று முடிவெடுத்தோம்.

திட்டமிடும் முறை

எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது ஒருவரும் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. "எத்தனை மணிக்குத் திரும்பி வருவம்?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே எங்கள் தாளில் முதலில் எழுதுவது திரும்பும் நேரம். டிசம்பர் கடைசியில் இங்கு சூரியன் காலை 7.45 இற்குப் பிறகே உதித்து மாலை 4.45 அளவில் மறைந்துவிடும். பெப்ரவரி நடுப்பகுதியில் மாலை 5.45 வரை வெளிச்சம் உண்டு. அதனால் தூர இடங்களைப் பெப்ரவரிக்கும், கிட்டிய இடங்களைத் டிசம்பருக்கும் ஒதுக்குகிறோம். போகும் இடம், ஏறி இறங்கும் நிலையங்கள், திரும்பும் நேரம், கூட்டிச் செல்பவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுப்போம். இன்னொரு பிரதி வீட்டில் இருப்பவர்களுக்கு.

அடுத்தது காலநிலை. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, காற்றையும் சேர்த்த குளிரைப் பார்க்க வேண்டும். அது −28 இற்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். அப்படியான நாளில் நாங்கள் போவதில்லை. இதற்காகவே மாற்றுத் திகதி ஒன்றையும் முதலே குறித்து வைக்கிறோம். வாகனத்தில் போவதானால் 511 இலக்கத்துக்கு அழைத்து வீதி நிலைமையை அறிந்துகொள்ளலாம்.

உடுப்பில் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. சேலை உடுப்பவர்கள் உள்ளே நீளமான கம்பளிக் காற்சட்டை அணிகிறார்கள். நனையாத சப்பாத்தும், மாற்றுக் காலுறை ஒரு சோடியும் கட்டாயம். இடியப்பமும் சம்பலும் வாழையிலைக்குப் பதிலாகத் தகரத்தாளில் சுற்றி வரும். சுடுநீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர் இருக்கும்.

செலவுக்கும் வழி உண்டு. 'கோ' புகையிரதத்தில் சனி, ஞாயிறு தினங்களுக்கு, நாள் முழுவதும் பயணிக்க 10 டொலர் சீட்டு உண்டு. அதை இணையத்தில் வாங்க வேண்டும். 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சீருடை அணிந்த பரிசோதகர்கள் வந்து சீட்டைக் கேட்பார்கள் என்பதை ஏறும் முன்னரே எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். சீருடையைக் கண்டதும் கை நடுங்கும் சகோதரிகள் எங்களிடையே இருக்கிறார்கள்.

கையில் வந்திருக்கும் குருவி

எங்கள் முதல் பயணம் பேர்லிங்ரன் நகரிலுள்ள றோயல் தாவரவியல் பூங்காவின் ஹென்றி பள்ளத்தாக்குக்கு. அங்கே 'சிக்கடி' என்ற சின்னக் குருவி உண்டு. தலையில் கறுப்புத் தொப்பி வைத்தாற் போலிருக்கும். நிறை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பல பறவைகள் தெற்கே பறந்துபோகும் குளிர்காலத்திலும் இது இடம்பெயர்வதில்லை. விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்து வைத்து, பிறகு தேடி எடுத்துத் தின்னும். இரவில் தன் உடல் வெப்பத்தைக் குறைத்து, சக்தியைச் சேமிக்கும்.

உப்பிடாத சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் அது கையிலேயே வந்து இருக்கும். எங்களுடன் வந்த கிளிநொச்சி அக்கா கால் மணித்தியாலம் கையை நீட்டியபடி நின்றார். குருவி வந்து ஒரு விதையை எடுத்துக்கொண்டு போனது. "முகாமில நிவாரணத்துக்குத்தான் கை நீட்டினது. இப்ப குடுக்கிறதுக்கு நீட்டியிருக்கிறன்" என்றார். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டதாக மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

உறைந்த நயாகரா

பெப்ரவரியில் நயாகராவுக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கனடாப் பக்கத்துக் குதிரைலாட நீர்வீழ்ச்சி சுமார் 57 மீற்றர் உயரமானது. குளிர்காலத்தில் படகுகள் ஓடுவதில்லை. ஆனால் நீர்த்திவலைகள் மரங்களிலும் கம்பிகளிலும் படிந்து உறைந்து கண்ணாடிபோல் நிற்பதை இக்காலத்தில்தான் பார்க்கலாம். 1950 இல் கனடாவும் அமெரிக்காவும் செய்த உடன்படிக்கையின்படி, குளிர்காலத்தில் கோடைப்பகலில் விழும் நீரின் அரைவாசியை மட்டும் விழவிட்டால் போதும். மிகுதியை மின்சாரத்துக்குத் திருப்பலாம். முன்னொரு காலத்தில் ஆற்றின்மேல் உறைந்த பனிக்கட்டிப் பாலத்தில் மக்கள் நடந்து திரிவார்களாம். 1912 பெப்ரவரி 4 ஆம் திகதி அது உடைந்து மூவர் இறந்த பின்னர் அந்த வழக்கம் நின்றது.

குளிர் தாங்காதவர்கள் அருகிலுள்ள வண்ணத்துப்பூச்சிக் காப்பகத்துக்குப் போகலாம். கண்ணாடிக் கூரையின் கீழே வெப்பநாட்டுச் செடிகளும் 2,000 இற்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளன. உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து மூடிக்கொண்டன. "மழை பெய்த தோட்டம் மாதிரி மணக்குது" என்று ஒருவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். அவரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சில இரவுகளில் அங்கே வாணவேடிக்கை நடக்கும். வெடிச்சத்தம் தாங்காதவர்கள் நிகழ்ச்சி நேரத்தை முதலே பார்த்து, இருட்டும் முன் புறப்பட வேண்டும். அடுத்தது, அங்குள்ள வானவில் பாலம் அமெரிக்காவுக்குப் போகும் எல்லைப் பாலம். வதிவிடப் பத்திரம் கைக்கு வராதவர்கள் வாகனத்தில் போனால் அந்தப் பாதையில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேபிள் பாணி

மார்ச்சில், பகலில் பனி உருகி இரவில் மீண்டும் உறையும் நாட்களில், மேபிள் மரத்தில் இனிப்பு நீர் சுரக்கும். மரத்தில் சிறு துளையிட்டு வாளியில் சேர்த்துக் காய்ச்சுவார்கள். 40 லீற்றர் நீருக்கு ஒரு லீற்றர் அளவில்தான் பாணி கிடைக்கும். நகருக்கு வடக்கேயுள்ள கோர்ட்ரைட் இயற்கைப் பாதுகாப்பு மையத்தில் இதை நேரில் பார்க்கலாம்.

பளையில் பனங்கட்டி காய்ச்சிய ஓர் அம்மா பேரனுடன் வந்திருந்தார். வீட்டில் அதிகம் கதைக்காதவர். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவம், இல்லாட்டிப் புளிச்சுப் போம். இவை என்ன செய்யினம் எண்டு கேள் அப்பு" என்றார். பேரன் ஆங்கிலத்தில் கேட்டான். குளிர்தான் புளிக்காமல் காக்கிறது, வெயில் ஏறினால் உடனே காய்ச்சிவிட வேண்டும் என்றார் அங்கு பணிபுரிந்த பெண். பிறகு அவர் பனையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அம்மா சொல்லச் சொல்லப் பேரன் மொழிபெயர்த்தான். அம்மம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

சகோதரிகளே, குளிர்நாடுகளில் உங்கள் தாய்மாரோ சகோதரிகளோ இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது சாப்பாட்டையும் மருந்தையும் விசாரிப்பதோடு நிற்காமல், "இந்தக் கிழமை வெளியில போனீங்களா? ஆரோட போனீங்கள்?" என்றும் கேளுங்கள். தனியே இருப்பவர் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் பயணம் அரை நாளாக இருந்தால் போதும். தாளில் திரும்பும் நேரத்தை எழுதி, அந்த நேரத்துக்கு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டால், அடுத்த பயணத்துக்கு அவர்களே இடம் சொல்வார்கள்.