படிக்கட்டின் இரும்புக் கைபிடி

லயக் காம்பிராக்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எம் மக்கள் இன்று ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு காணத் தொடங்கியுள்ளனர். 2017 ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முந்திய 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்ததைப் பலரும் அறிவர். கொழும்பிலும் பிறநாட்டிலும் உழைத்துத் தாமே வீடு எழுப்பியோரும் உளர். மலைச்சரிவில் எழும் வீட்டுக்குப் படி வேண்டும். படிக்குக் கைபிடி வேண்டும். கூரையையும் தரையையும் நுணுகி நோக்கும் நாம், கைபிடியை மட்டும் வர்ணத்தின் பளபளப்பைக் கண்டே ஏற்றுக்கொள்ளுகின்றோம்.

இரு கம்பிகள் கூடுமிடத்தைச் சுற்றி முழுவதும் வெல்டிங் ஓடியிருத்தல் வேண்டும். முன்புறத்தில் இரண்டு பொட்டு வைத்து, மறுபுறத்தைப் புட்டியால் மூடிவிடுவாரும் உண்டு. ஆதலின் கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தல் நன்று. ஊசித்துளைகள் குறையே. மேற்படியும் கசடு தட்டி அகற்றப்படாவிடின், அது உதிரும்போது வர்ணமும் உடன் உதிரும். வர்ணம் பூசுமுன் ஒருமுறை பட்டறைக்குச் சென்று காண்பதே சிறந்த வழி.

நாகப்பூச்சுள்ள குழாய் கறள் பிடியாது என்பர். வெல்டிங்கின் வெப்பத்தில் அவ்விடத்து நாகம் எரிந்துபோகின்றது. நாகம் கலந்த வர்ணத்தை மீண்டும் பூசாவிடின் பொருத்திலேயே கறள் தொடங்கும். ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வாங்குவோர் காந்தத்தை வைத்துச் சோதிப்பர். நல்ல 304 தரத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது மெய். நிக்கல் குறைந்த மலிவான 201 தரத்திலும் ஒட்டாதே! தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தலே தக்கது.

மிகுதியும் கெடுவது அடிப்பகுதி. ஹட்டனுக்கு அண்மையில் உள்ள எம் வீட்டிலே மூன்றாம் ஆண்டில் கைபிடியின் கால் ஒன்று ஆடியது. வர்ணமோ புதிதுபோல் இருந்தது. கால் சீமெந்தில் இறங்குமிடத்தில் சிறு குழி. மழைநீர் அங்கே தேங்கி நின்றிருக்கின்றது. மேல்முனை மூடப்படாத குழாயினுள்ளும் நீர் இறங்கி, வெளியேற வழியின்றி நின்றிருக்கின்றது. சீமெந்தை உடைத்தபோது இரும்பு ஓலைபோல அடுக்கடுக்காய் உரிந்து வந்தது. எம் தாயார் நாள்தோறும் பற்றி இறங்கிய கைபிடி அது. கறள், தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்ளும், சீமெந்தையும் பிளக்கும். காலைச் சுற்றிய சீமெந்து சற்றே மேடாய், நீர் புறத்தே வழியுமாறு சரிந்திருத்தல் அவசியம். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் ஈரம் உலரவிடாத மலைப்புறம் எமது.

உயரம் படிவிளிம்பினின்று ஏறத்தாழ 3 அடி. குழந்தையின் தலை நுழையாதிருக்க, கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்திற்கு மேற்படலாகாது. குறுக்குக் கம்பிகள் அழகியவைதாம். குழந்தைகளுக்கோ அவை ஏணி. நிறைவாகக் கைபிடியை இரு கைகளாலும் பற்றி உலுப்பிப் பார்க்க வேண்டும். கம்பி சிறிது வளையலாம், கால் அசையலாகாது.

இவையாவும் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் செய்யத்தக்கன. பாஸ்மாரிற் பெரும்பாலார் திறமையற்றவரல்லர். வர்ணம் பூசுமுன் வீட்டுக்காரர் பட்டறைக்கு வருவார் என்று தெரிந்தால், மறுபுறத்திலும் வெல்டிங் ஓடிவிடும்.