மனை வாங்கும் முன் மேடு பள்ளம்

வீட்டுமனை விளம்பரத் தாள் ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். புறவழிச்சாலை தடித்த கோடாக ஓடும். கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் மனையை ஒட்டினாற்போல நிற்கும். வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறி பல தாள்களில் இருக்காது. அளவுகோல் அநேகமாக இருக்கவே இருக்காது. ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டரா, ஐந்து கிலோமீட்டரா என்று சொல்லாத படத்தை நம்பித்தான் குடும்பங்கள் ஆயுள் சேமிப்பைக் கொட்டுகின்றன. வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். மழை பெய்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் வடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதற்கான பதில் வரைபடத்தில் இருக்கிறது. கைப்பேசியில் வழி காட்டும் படத்தைச் சொல்லவில்லை. அது சாலைக்காகப் போட்டது. நிலத்தின் ஏற்ற இறக்கம் அதில் முதல் பார்வைக்குத் தெரியாது. 1767-இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை போட்டுவரும் டோப்போ ஷீட் என்ற இடவிளக்கப் படம் இதற்கென்றே ஆனது. 1:50,000 அளவில், அதாவது படத்தில் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டராக இருக்கும். இப்போது துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே தரவிறக்கிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தில் பழுப்பு நிறத்தில் நெளிந்து போகிறவை சம உயரக் கோடுகள். ஒரு கோட்டின் மேல் எந்த இடத்தில் நின்றாலும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பெரும்பாலும் 20 மீட்டர் வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் மெல்லிய சரிவு. கோடுகள் வரிசையாக ஆங்கில ‘வி’ போல மடங்கி, அதன் கூர்முனை உயரமான பக்கத்தைப் பார்த்தால் அது பள்ளத்தாக்கு. அங்கே ஓடை வரைந்திராவிட்டாலும் பெருமழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது, மண்ணும் பாறையும் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகவே இறங்கி முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக்கொண்டு போயின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ மனை பார்ப்பவர்கள் இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது என்பேன்.

சமவெளியில் கதை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரை வரை நிலம் கிட்டத்தட்டத் தட்டை. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், மனையைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு ஒரு கோடுகூட வராமல் போகலாம். அங்கே சரிவைச் சொல்பவை ஏரிகள். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. படத்தில் இவற்றில் பெரும்பாலானவை பிறைபோல இருக்கும். பிறையின் புடைத்த பக்கத்தில் அழுத்தமாகத் தெரிவது கரை. தண்ணீரைத் தடுக்கக் கரையைத் தாழ்ந்த பக்கத்தில்தான் கட்ட முடியும். ஆகவே பிறை எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் நிலம் தாழ்கிறது. திறந்திருக்கும் எதிர்ப்பக்கம் மேடு. கருவி எதுவும் இல்லாமல், படத்தை மேசையில் விரித்தபடியே ஒரு வட்டாரம் முழுக்க நிலம் எப்படிச் சாய்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அடுத்து கரையின் ஓரத்தில் கலங்கைத் தேடுங்கள். ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் வழிவது அங்கேதான். அங்கிருந்து கிளம்பும் கோட்டை விரலால் தொடர்ந்து போனால் கீழே இன்னொரு ஏரியில் போய்ச் சேரும். அதன் கலங்கிலிருந்து மூன்றாவது ஏரிக்கு. மேல் ஏரியின் கலங்குக்கும் கீழ் ஏரியின் வாய்க்கும் நடுவில் உங்கள் மனை விழுகிறதா? அப்படியானால் கோடையில் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் அது தண்ணீர் போகும் வழி. ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோப்போ ஷீட்டில் நீர் நிற்கும் இடங்கள்தான் நீலம். வறண்ட ஓடைகளைக் கறுப்பில் போட்டிருப்பார்கள். நீலம் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நம் ஊரில் மனை பார்க்கப் போவது பெரும்பாலும் சித்திரை வெயிலில். ஓடை அப்போது வெறும் புதராகத்தான் தெரியும்.

காய்ந்து கிடந்தாலும் தண்ணீரின் இடம் தண்ணீரின் இடமே என்பதற்குச் சென்னை தியாகராய நகர் பெரிய சாட்சி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைப் பழைய மதராஸ் வரைபடங்களில் பார்க்கலாம். 1920-களில் ஏரியை வற்றவைத்து நகர் எழுப்பினார்கள். பெருமழை ஒவ்வொன்றிலும் அங்கே தண்ணீர் தேங்கும்போது மழைநீர் வடிகாலைத் திட்டுகிறோம். வடிகாலிலும் குறை உண்டுதான். ஆனால் தரை ஏரியின் தரை.

பட்டா நிலம் என்றால் இன்னும் நுணுக்கமான படங்கள் உண்டு. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் தனிக்கட்டமாக இருக்கும். புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், அந்த ஒரு எண்ணின் பக்க அளவுகளே இருக்கும். இதை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கிராம வரைபடத்தில் பெரிய கட்டங்களுக்கு நடுவே ஒல்லியாக, நீளமாக, தனக்கென ஒரு சர்வே எண்ணோடு நெளிந்து போகும் பட்டையைத் தேடுங்கள். பிறகு ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், வண்டிப்பாதை என்று ஏதாவது எழுதியிருக்கும். மனைப்பிரிவின் ‘முப்பதடிச் சாலை’ அந்தப் பட்டையின் மேலேயே போவது தெரிந்தால், விற்பவரிடம் கேட்க உங்களுக்குச் சரியான கேள்வி கிடைத்துவிட்டது.

கணினியில் சுட்டியை வைத்தால் உயரம் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்த அளவீடு. மலைச்சரிவைப் புரிந்துகொள்ள அது அருமையானது. ஆனால் கூரைகளையும் மர உச்சிகளையும் தரையோடு சேர்த்து அளந்துவிடும். பிழை சில மீட்டர் வரை போகலாம். சென்னை வேளச்சேரி போன்ற தாழ்வான இடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் வராததும் ஒரு மீட்டரில் முடிவாகிறது. அங்கே அந்த எண்ணை நம்பி இறங்கக் கூடாது.

நம்பகமான உயரம் ஒன்றை நாம் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கீழே சிறியதாக, கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். இந்தியாவின் கடல்மட்ட அளவு, நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களின் அலை அளவீடுகளிலிருந்து கணக்கிட்டது. அடுத்தடுத்த நிலையங்களின் எண்களைக் குறித்துக்கொண்டால் உங்கள் பாதையின் ஏற்ற இறக்கம் தாளில் வந்துவிடும். நீலகிரி மலை ரயிலில் இந்த எண் 326-இல் தொடங்கி 2,203 வரை ஏறும்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபட வினா உண்டு. பிள்ளைகள் கங்கையையும் தக்காணப் பீடபூமியையும் சரியாகக் குறித்து முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். தங்கள் ஊர் ஏரியின் கலங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. குறிக்கக் கற்றுக்கொடுத்த அளவுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ஊராட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் அந்த ஊரின் கிராம வரைபடத்தைப் பெரிதாக்கி மாட்டலாம். ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஆசிரியர் பிள்ளைகளைப் படத்தோடு கூட்டிக்கொண்டு கலங்கிலிருந்து அடுத்த ஏரி வரை நடக்கலாம். ஓடை எந்த இடத்தில் படத்தை விட்டு விலகியிருக்கிறது, எங்கே சுவர் எழும்பியிருக்கிறது என்று பிள்ளைகளே பென்சிலால் குறிக்கட்டும். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கிராமசபைக் கூட்டத்தில் வைக்கலாம்.