கலத்தில் இருப்பது காலம்

தரையில் ஓடும் மோட்டார் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துபோனால் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு தகரக் குப்பியோடு அடுத்த பங்க்கை நோக்கி நடந்துவிடலாம். ஆகாயத்தில் ஓரம் என்பதொன்று இல்லாமையால், விமானம் ஓட்டப் பழகும் மாணாக்கனுக்கு எரிபொருளைக் கணக்கிடும் வித்தை, விமானத்தைச் செலுத்தும் வித்தைக்குச் சற்றும் குறைந்ததன்று.

பயிற்சிக்குப் பிரசித்தமான செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தில் எரிபொருட்கலங்கள் இறக்கைகளுக்குள்ளே அமைந்திருக்கின்றன. புறப்படுமுன் மாணாக்கன் ஏணியில் ஏறி, இறக்கையின் மேலுள்ள மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டு, ஈரம் படிந்த கோட்டைப் படிக்கிறான். பிறகு கீழே குனிந்து, வடிகுழாயின் வழியே சிறிது எரிபொருளைக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறான். இள நீலமாகத் தெளிந்திருந்தால் நன்று. நீர் கலந்திருப்பின் அது கனத்தினால் அடியில் முத்துப்போல் உருண்டு நிற்கும். முள் காட்டும் மானி எதிரிலேயே இருக்க இத்தனை பிரயாசை எதற்கெனில், விமானம் சரிந்தாலும் குலுங்கினாலும் அந்த முள்ளும் ஆடுமாதலால், அதைச் சாட்சியாகக் கொள்ளலாமேயன்றி நீதிபதியாகக் கொள்ளலாகாது.

கோல் சொல்வது லிட்டர். விமானிக்கு வேண்டியதோ நிமிஷம். மணிக்குச் சுமார் 32 லிட்டர் செலவழிக்கும் விமானம் 200 கடல் மைலை 100 நாட் வேகத்தில் கடப்பதாயின், 2 மணி நேரத்துக்கு 64 லிட்டர் ஆகும். தரையில் ஊர்வதற்கும் மேலே ஏறுவதற்கும் ஆகும் அதிகச் செலவு தனி. இவற்றோடு, கண்பார்வையைக் கொண்டு பறப்பவர்கள், சேருமிடம் சேர்ந்த பின்னும் பகலில் 30 நிமிஷமும் இரவில் 45 நிமிஷமும் பறக்கத்தக்க கையிருப்புடன் புறப்பட வேண்டுமென்பது அமெரிக்க விதி. பகற்கணக்குக்கு அது 16 லிட்டர். வழியில் 20 நாட் எதிர்க்காற்று வீசினாலோ, பிரயாணம் இரண்டரை மணியாக நீண்டு, அந்த 16 லிட்டரும் காற்றுக்கே தாரை வார்க்கப்படும். ஆகவே ஒவ்வோர் அடையாளத்தையும் கடக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, எண்ணியதற்கும் நேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, போதாதென்று கண்டால் இடையிலேயே இறங்கிவிடுவது விவேகம்.

அநுபவசாலிகளும் இக்கணக்கில் இடறியதுண்டு. 1983 ஜூலை 23-ஆம் தேதி, மானிகள் பழுதுபட்டிருந்த ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில், கோலிட்டு அளந்தே புறப்பட்டார்கள். கோல் பொய் சொல்லவில்லை. லிட்டரை எடையாக மாற்றும் பெருக்கலில், கிலோகிராமுக்குரிய எண்ணின் இடத்தில் பவுண்டுக்குரிய எண் புகுந்துவிட்டது. வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு சென்ற அவ்விமானம், நடுவானில் எஞ்சின்கள் இரண்டும் ஓய்ந்து, மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டுவந்த கிம்லி என்னும் பழைய விமானப்படைத் தளத்தில் உயிர்ச்சேதமின்றி இறங்கியது. அதன் தலைமை விமானிக்கு எஞ்சினில்லாத கிளைடரில் பறந்த பழக்கம் இருந்தது. பழகும் மாணாக்கனுக்கு அது இராது. எண்ணை எழுதியவுடன் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கத்தையோ முதல் நாளிலேயே கைக்கொள்ளலாம்.